அப்பா உயிரோடுதான் இருக்கிறார், அந்தச் செய்தியை நிறுத்து

வுனிசெய் கிராமம், கண்டாவுத் தீவு, பிஜி
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்பு மகன் நெமானிக்கு,

ஆண்டவருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவும் சுகம், உயிரோடும் இருக்கிறார், இந்த நிமிடம் வாசலில் உட்கார்ந்து மீன் தலையை உறிஞ்சிக்கொண்டிருக்கிறார். இதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னேன், ஏனென்றால் அந்தச் செய்தி வெலிங்டன் வரை வந்து சேர்ந்திருந்தால் நீ அழுதிருப்பாய். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். நான் சொல்லச் சொல்ல அகனிசிதான் எழுதுகிறாள். அண்ணனிடம் நேராகப் பேச அவளுக்கு வெட்கம், தங்கை அப்படி இருப்பதுதான் நமக்கு முறை, பள்ளிக்கூடத்தை விட்டு நின்றாலும் கையெழுத்து கெடவில்லை. ஃபோன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நீ கேட்பாய். செய்தியைப் பூட்டி அனுப்பினால் வேறு யாரும் படிக்க முடியாது என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. உன் பூட்டை நம்பலாம், தப்பான பொத்தானை அழுத்தும் என் விரலை நம்ப முடியாது. நீ ஊருக்குக் கொண்டு வந்த அந்த ஃபோன் வலையில் ஒரு வார்த்தை விழுந்தால் ஒவ்வொரு ஃபோனும் அதைச் சுமந்துகொண்டு படகேறிப் போகிறது. காகிதம் அப்படியில்லை, வேண்டாம் என்றால் அடுப்பில் போடலாம்.

நீ கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஊரையே கூட்டி வைத்துப் பேசினாயே, அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. அந்தப் பெரிய கம்பெனிக்காரன் ஃபோனில் இருந்த நம் ஊர்க் குழுவை மூடியது அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். எதிர்க்கரை ஊரும் நம் ஊரும் தௌவு முறை, ஒருத்தரையொருத்தர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வோம், பானையில் கையை விட்டு எடுத்துத் தின்போம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அது எங்கேயோ உட்கார்ந்திருக்கிற அவனுக்கு எப்படித் தெரியும், பகை என்று நினைத்து மூடிவிட்டான், ஞானஸ்நானப் படங்களெல்லாம் அதோடு போயின. நீ கொதித்துப் போய் உன் கூட்டாளிகளோடு சேர்ந்து இந்த வலையைக் கொண்டு வந்தாய். முதலாளி கிடையாது, நடுவில் யாரும் கிடையாது, ஃபோனும் ஃபோனும் பக்கத்தில் வந்தால் போதும், செய்தி தானாகத் தாவும், எவனாலும் மூட முடியாது, எவனாலும் அழிக்க முடியாது என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அவன் நம்மைக் கேட்காமல் அழித்தான், உன்னுடையது நாம் கெஞ்சினாலும் அழிக்க மாட்டேன் என்கிறது. இதில் எது மேல் என்று நீயே சொல்.

நடந்தது இதுதான். எதிர்க்கரை லைசெனியாவை உனக்குத் தெரியும், அந்த வாயை யாருக்குத்தான் தெரியாது. ஒரு நாள் மதியம் நம் வீட்டுக்கு வந்தவன் உன் அப்பா நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து வாயைப் பிளந்து தூங்கியதைப் பார்த்திருக்கிறான். படம் எடுத்து, "நம்ம எமோசி போய்ட்டான்பா, வாயை இழுத்துக் கட்டிப் புதைங்க, இல்லேன்னா பரலோகத்துலயும் கதை அளப்பான்" என்று போட்டுவிட்டான். கொஞ்சம் கழித்து, "பொணம் எந்திரிச்சிருச்சு, கிழங்கு வெந்துச்சான்னு கேக்குது" என்று இன்னொன்றும் போட்டான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், தௌவுக்காரன் பேசினால் சிரிக்காமல் என்ன செய்வது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் சரக்குப் படகு கிளம்பிவிட்டது. படகுக்காரன் ஃபோனில் முதல் செய்தி மட்டும் ஏறியிருந்தது, இரண்டாவது கரையிலேயே நின்றுவிட்டது. சாவு போய்ச் சேர்ந்தது, உயிர்த்தெழுதல் போகவில்லை.

அந்தப் படகு போய் நின்ற இடம் எது தெரியுமா, உன் பெரியப்பா செட்டரெக்கியின் ஊர். அவருடைய படகு எஞ்சினை உன் அப்பா யாருக்கோ இரவல் கொடுத்து அது கடலில் மூழ்கிய நாளிலிருந்து அண்ணன் தம்பி முகம் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரிந்ததுதான். அந்த மனிதர் கறுப்பு உடுத்திக்கொண்டு, சாவு வீட்டில் வைக்கிற திமிங்கலப் பல், பாய்க்கட்டு, சேப்பங்கிழங்கு எல்லாம் ஏற்றிக்கொண்டு, ஒரு படகு நிறையப் பெண்களோடு புறப்பட்டு வந்தார். கரைக்கு எட்டும் முன்பே பெண்கள் ஒப்பாரியை எடுத்துவிட்டார்கள். உன் அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் வலையை அலசிக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தம் கேட்டதும் அவர்கள் பக்கம்தான் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து இவரும் தலையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, யாரு போனது, யாரு போனது" என்று அழ ஆரம்பித்தார். படகில் ஒருத்தி வீறிட்டு மயங்கி விழுந்தாள். பெரியப்பா எழுந்து நின்று, "நீதான்டா போனது!" என்று கத்தினார். அதோடு நின்றிருந்தால் சரி. உன் அப்பா சிரித்துவிட்டார். சும்மா சிரிப்பு இல்லை, தண்ணீரில் உட்கார்ந்து சிரித்தார். தம்பியும் லைசெனியாவும் சேர்ந்து வேண்டுமென்றே தன்னை இழுத்து வந்து கேலி செய்கிறார்கள் என்று பெரியப்பா நினைத்துவிட்டார். சாவுக்குக் கொண்டு வந்ததைத் திருப்பிக் கொண்டு போகக் கூடாதே, எல்லாவற்றையும் மணலில் வீசிவிட்டு, காலைக்கூடத் தரையில் வைக்காமல் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நான் முழங்கால் தண்ணீரில் ஓடி, "மச்சான், ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டேன், திரும்பியே பார்க்கவில்லை.

அவர் போய்விட்டார், ஆனால் அவர் குரல் இங்கே கரையிறங்கிவிட்டது. புறப்படும் முன் அழுதுகொண்டே தன் ஃபோனில் பேசி உன் வலையில் போட்டிருக்கிறார், படகு கரையோரம் நின்ற கொஞ்ச நேரத்தில் அது எங்கள் ஃபோன்களில் தாவி ஏறிவிட்டது. "டேய் தம்பி, போய்ட்டியாடா. அந்த எஞ்சின் கெடந்துட்டுப் போவுதுடா, கடலுக்குத்தானே போச்சு. இனிமே நான் யாருகிட்டடா கோவிச்சுக்கிட்டு இருப்பேன், எனக்கு வேற யாரு இருக்கா" என்கிறார், அதற்கு மேல் பேச முடியாமல் மூக்கை உறிஞ்சுகிறார். இப்போது இது எல்லார் ஃபோனிலும் இருக்கிறது. ஆண்கள் கவா வேர்ச்சாறு குடிக்க உட்கார்ந்தால் லைசெனியா அதே குரலில் மூக்கை உறிஞ்சிக் காட்டுகிறான். பெரியப்பாவுக்கு மானம் போய்விட்டது, போதகரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார், "அந்தப் பையன் படிச்சவன்தானே, நான் பேசுனத அழிக்கச் சொல்லுங்க, அதுவரைக்கும் அந்தக் கரையில கால் வைக்க மாட்டேன்" என்று. இதற்கிடையில் அந்தச் சாவுச் செய்தி தீவு தீவாகச் சுற்றிக்கொண்டேயிருக்கிறது, போன வாரமும் ஒரு குடும்பம் பாயோடு வந்து இறங்கியது. அவர்களுக்குச் சமைத்துப் போட்டு என் இடுப்பு ஒடிந்தது. உன் அப்பா வெளியே வந்து கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறார். "செத்தாத்தான் மரியாதைன்னு இப்பதான்டி தெரியுது" என்கிறார். உத்தரத்தில் சாவுப் பாய்கள் தொங்குகின்றன, அதில் உட்காரவும் முடியாது, யாருக்கும் கொடுக்கவும் முடியாது, பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதனால் நான் சொல்வதைக் கவனமாகக் கேள். லைசெனியா போட்ட செய்தியை நிறுத்த ஏதாவது வழி பார். அழிக்க முடியாது என்று மறுபடியும் எனக்குப் பாடம் எடுக்காதே, எமோசி உயிரோடு இருக்கிறான் என்று அதன் பின்னாலேயே ஓடுகிற மாதிரி ஒன்றை அனுப்பு, உன் கூட்டாளிகளுக்கு அதுகூடத் தெரியாதா. பெரியப்பா பேசியது வேறு விஷயம். உன் அப்பாவும் ஊருக்கு நடுவில் நின்று, "அண்ணன் கேக்குறாரு, அழிச்சுடச் சொல்லு" என்று சத்தமாகத்தான் சொல்கிறார். ஆனால் சாயங்காலம் வலை பார்க்கப் போகிறேன் என்று படகுக் கொட்டகைக்குப் பின்னால் போகிறார். வலை இந்தப் பக்கம் காய்கிறது. நான் விறகு எடுக்கப் போனபோது கேட்டேன், டேய் தம்பி என்று பெரியப்பா குரல். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நான் சத்தம் போடாமல் விறகில்லாமலே திரும்பி வந்துவிட்டேன். நேற்றிலிருந்து படகின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறார், மீன் பிடிக்க என்கிறார். சாவுக்குப் பாய் கொண்டு வந்தவர்களுக்கு நாமும் பாய் கொண்டு போய்ச் செய்ய வேண்டும், அந்த முறையை அவருக்கு நான் ஞாபகப்படுத்தவில்லை, அவராகவே என் பாய்களில் எது நல்லது என்று கேட்டார்.

ஆகையால் அழிக்க வழியே இருந்தாலும் பெரியப்பாவுக்கு முடியாது என்றே பதில் எழுது. உன் வலையைப் பற்றி நீ பெருமையடித்தது உண்மையானால் அது பொய்யும் ஆகாது. மரியாதையாக எழுது, அவர் மூத்தவர். குளிரில் காலுறை இல்லாமல் திரியாதே, ரொட்டியை மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, ஞாயிற்றுக்கிழமை திரைக்கு முன்னால் உட்காராமல் ஆராதனைக்குப் போ. அடுத்த முறை ஊருக்கு எதையாவது கொண்டு வருவதானால் முதலில் என்னிடம் கேள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. முடியாது என்று எழுத மட்டும் மறந்துவிடாதே.

உன் மேல் கோபமாக இருக்கும்,
உன் அம்மா லோசலினி

அண்ணா, இது அம்மா சொல்லி எழுதியது இல்லை. வீட்டு ஃபோன்களுக்கு வெயில் தகட்டில் சார்ஜ் ஏற்றுவது நான்தான். முன்பெல்லாம் அப்பா தன் ஃபோனை வாரத்துக்கு ஒருமுறை தருவார். இப்போது தினமும் தருகிறார். எதற்கு என்று நான் கேட்பதில்லை. அகனிசி.