இடப்பக்கக் கீறல்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிடுகிறாயா என்று கேட்டால் கோபப்படுவாய், கேட்கவில்லை. "படகா நானா என்று என் வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். அதை விற்றுவிடுங்கள், பிறகு வீட்டுக்கு வருகிறேன்" என்று எழுதியிருந்தாய். சரி. 28ஆம் தேதி ஒருவர் படகைப் பார்க்க வருகிறார்.

அதற்குள் அடிப்பலகை நன்றாக இருக்க வேண்டாமா? கவிழ்த்துப் போட்டு, பாசியைச் சுரண்டி, காயவைத்து, ஆளிவிதை எண்ணெய் கொடுத்து, பெயிண்ட் அடித்தேன். ஈரக் கரும்பலகையில் சாக்பீஸ் எழுதாது அல்லவா, ஈரப் பலகையில் பெயிண்டும் அப்படித்தான்.

ஒன்றுதான் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை பூசினேன்; சனிக்கிழமை பார்த்தால் இடப்பக்கம் முழங்கை நீளத்துக்குக் கீறல். கவிழ்ந்து கிடக்கிற படகை எது கீறும்?

சாக்பீஸை விட்டு பிரஷ் பிடித்த
அண்ணன்

ஜூன் 11

அண்ணே,

நாயா இருக்கும். சாக்கு போட்டு மூடுங்க. அவ படகுப் பக்கம் வந்தாளா? சும்மாதான் கேட்டேன்.

தம்பி

ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

சாக்கு போட்டேன். மறுநாள் அது நாலாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. எந்த நாய் சாக்கை மடிக்கும்? மறுபடி பூசினேன், மறுபடி அதே இடத்தில் கீறல். வகுப்பில் விசிலடித்தவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவன் நான். இங்கே பார்க்க முகமே இல்லை.

உன் வீட்டுக்காரி டீ கொண்டுவந்தாள். உள்ளங்கையில் கொப்புளம், அடுப்பில் சுட்டுக்கொண்டாளாம். "மாமா, இடப்பக்கம் இன்னும் ரெண்டு கை பூசுங்க, அங்கதான் கல்லு உரசுது" என்றாள். படகையே பிடிக்காதவளுக்கு எவ்வளவு அக்கறை பார்!

தலை சுற்றிப்போன
அண்ணன்

ஜூன் 22

அண்ணே,

உங்ககிட்ட படிச்ச பசங்க எப்படித்தான் பாஸ் பண்ணாங்களோ! அந்தக் கொப்புளம் அடுப்புல வந்ததில்ல, துடுப்பு பிடிச்சு வந்தது; யாரும் பாக்காதப்போ அவதான் படகை எடுத்துட்டுப் போறா. அவ இடதுகைக்காரி. தனியாளாக் கரைக்கு இழுத்தா படகு அவ பக்கம்தான் சாயும். நான் இழுத்தப்போ எல்லாம் வலப்பக்கம்தானே தேஞ்சுது?

ஆறு வருஷமாப் படகு வச்சிருந்தேன். ஒரு நாள்கூட "நீயும் வா"ன்னு அவளைக் கூப்பிட்டதில்ல. "படகா நானா"ன்னு அவ எதைக் கேட்டான்னு இப்பதான் லேசாப் புரியுது. முழுசாப் புரியல. எனக்கும் தலை சுத்துது.

படகைப் பாக்க வர்றவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க. அவகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. அவ இழுக்கற வழியில உருட்டுக்கட்டை மட்டும் ரெண்டு போட்டு வைங்க, கல்லு உரசாது. இப்ப இருக்கற கீறலைப் பூசிடாதீங்க, நான் பாக்கணும்.

வெள்ளிக்கிழமை வர்றேன். படகுல நான் எங்க உக்காரணும்னு அவதான் சொல்லணும்.

தம்பி