ஆபரேஷன் மேசையின் தலைமாட்டில் நீங்கள் இல்லை

என் பிரியமுள்ள செல்வியக்கா,

நாம் இருவரும் சேர்ந்து பார்த்திருக்க வேண்டிய ஒரு நோயாளி இன்று காலை தன் காலால் நடந்து வீட்டுக்குக் கிளம்பினார். அதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்ல? உங்கள் வீட்டுக்காரர் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார், வீடு பூட்டிக் கிடக்கிறது. என் வீட்டில் நான் மட்டும்தான், உங்களுக்குத் தெரியாததா? அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

அவர் பெயர் மாதையன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம். போன வாரம் புளி உலுக்க மரம் ஏறியிருக்கிறார், கிளை முறிந்து விழுந்துவிட்டார். பொழுது சாயும் நேரத்தில் அவர் மனைவி ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தார்.

“வுழுந்தவரு தானா எந்திரிச்சு வூட்டுக்கு வந்தாருங்க. சோறுகூடத் தின்னாரு. அப்புறந்தான் வவுறு உப்பிக்கிட்டு வருதுன்னாரு.”

ஆள் வெளுத்துப் போயிருந்தார். உடம்பெல்லாம் சில்லென்று வியர்வை. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். வயிற்றைத் தொடவில்லை, இடது தோளைக் காட்டினார். தோளில் ஒரு கீறல்கூட இல்லை. வயிற்றுக்குள் தேங்கும் ரத்தம் தோள்வலியாகத் தெரியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கேனும் அதையே காட்டியது. இடது விலாவுக்கு அடியில் மண்ணீரல் கிழிந்து, வயிறு முழுக்க ரத்தம்.

இனி வருவதுதான் உங்களிடம் சொல்ல நினைத்தது. உள்ளே தேங்கிய ரத்தமே அழுத்தம் கொடுத்து, கசிவைக் கொஞ்ச நேரம் அடக்கி வைத்திருக்கும். வயிற்றைத் திறந்ததும் அந்தப் பிடி விட்டுப்போகும். பிரஷர் சரசரவென்று இறங்கும். அந்தக் கணத்தில் எப்போதும் தலைமாட்டிலிருந்து உங்கள் குரல் வரும். “மலரு, அமுத்திப் புடிச்சுக்கிட்டு அப்படியே நில்லு கண்ணு. நான் ரத்தம் ஏத்திக்கிறேன், அப்புறம் நீ செய்யி.” அந்தக் குரலை நம்பித்தான் இத்தனை வருஷம் கத்தியை எடுத்தேன் என்பது, நீங்கள் காய்ச்சல் என்று படுத்து எழாமலே போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மாதையனின் வயிற்றைத் திறந்தேன். ரத்தம் பொங்கி வழிந்தது. துணிகளை அடைத்து, மண்ணீரலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மானிட்டரின் சத்தம் வேகமானது. கிழிசல் பெரியது, மண்ணீரலை எடுத்தே ஆக வேண்டும். இப்போதே எடுப்பதா, பொறுப்பதா? பொறுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்தும் கை பரபரத்தது. இன்னொரு மனுஷனின் வயிற்றுக்குள் கையை வைத்துக்கொண்டு இவ்வளவு தனியாக நான் நின்றதே இல்லை.

“மேடம், கொஞ்சம் பொறுங்க. இன்னொரு பை ரத்தம் ஏறட்டும். நான் சொல்றேன்.”

உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் மயக்க டாக்டர்தான் சொன்னார். சின்ன வயசு. அதிகம் பேச மாட்டார். சரியான சொல், சரியான நேரத்தில். குரல்தான் உங்களுடையது இல்லை. முகமூடிக்கு மேலே கண் நிறைந்து வழிந்தது, கை இரண்டும் உள்ளே இருந்ததால் துடைக்க முடியவில்லை. நர்ஸ் வியர்வை என்று நினைத்து ஒற்றிவிட்டார்.

பிறகு மயக்க டாக்டர், “இப்ப செய்ங்க மேடம்” என்றார். செய்தேன். ரத்தக்குழாய்களைக் கட்டி, மண்ணீரலை எடுத்து வெளியே வைத்தபோது பிரஷர் ஏறிக்கொண்டிருந்தது.

வெளியே மாதையனின் மனைவி சுவரோரமாக நின்றிருந்தார். இந்த வேலையை நாம் எப்போதும் சேர்ந்துதான் செய்வோம். நான் விவரத்தைச் சொல்வேன், நீங்கள் கையைப் பிடித்துக்கொள்வீர்கள். அன்றைக்கு இரண்டையும் நானே செய்தேன். அந்தம்மா என் கையை விடாமல் கேட்டார்.

“பொழைச்சுக்குவாருங்களா?”

“பொழைச்சுக்குவாரும்மா.”

சொல்லிவிட்டு, பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

இன்று காலை மாதையன் கிளம்பும்போது, “அந்த மரத்துல இன்னும் பாதிப் புளி அப்படியே கெடக்குதுங்க டாக்டரம்மா” என்றார். அவர் மனைவி முறைத்த முறைப்பில் வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். நீங்கள் போன பிறகு சத்தம் போட்டுச் சிரித்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும் அக்கா. அந்த மயக்க டாக்டரின் பெயர் கதிரவன். வந்து இத்தனை மாதமாகியும் அந்தப் பெயரை நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ‘டாக்டர்’ என்பேன், அதோடு சரி. தலைமாட்டைப் பார்த்து இன்னொரு பெயரைச் சொன்னால், நீங்கள் போய்விட்டீர்கள் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று பயமாக இருந்தது.

நாளைக் காலையில் ஒரு ஆபரேஷன் இருக்கிறது. கத்தியை எடுப்பதற்கு முன்னால், “கதிரவன், ஆரம்பிக்கலாமா?” என்று கேட்பேன். கட்டாயம் கேட்பேன் அக்கா.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
மலர்