பன்னிரண்டு அடித்ததும் வந்த ஊர்

இன்று வெள்ளிக்கிழமை. மதியம் பன்னிரண்டு அடித்து மூன்று நிமிடம். பக்கத்து வீட்டுப் பெண் தன் போனை என்னிடம் நீட்டியபடி நிற்கிறாள். தேர்வு முடிவு பார்க்க வேண்டும். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. "பதினோரு மணிக்கே போட்டுட்டாங்க மாமா. ராகு காலம் முடியட்டும்னு அம்மாதான் போனைப் புடுங்கி வெச்சுக்கினாங்க" என்கிறாள் அழாத குறையாக. எனக்குச் சுருக்கென்று எரிச்சல் வந்தது. யார் மேல் என்று யோசித்தேன். என் மேல்தான். கொஞ்சம் உன் மேலும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நம் கல்லூரி முதன்முதலாகத் தேர்வு முடிவுகளை இணையத்தில் வெளியிட இருந்தது. நான் கணக்கு வாத்தியார், தேர்வுக் குழுத் தலைவன். நீ கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்று வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தர உத்தரவு பிரின்சிபல் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

சர்வர் கூட்டத்தைத் தாங்குமா என்று முன்னதாகவே பார்த்துவிட வேண்டும் என்றாய். அதற்கென்று ஒரு கருவியைக் கண்டுபிடித்து லேபில் ஏற்றியிருந்தாய். "ஆளே வேணாம் வாத்தியாரே. இதுவே ஐநூறு ஆளா மாறி, ஐநூறு நம்பரப் போட்டு ரிசல்ட்டு கேக்கும்" என்று பூரித்தாய். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமைதான். பதினோரு மணிக்கு ஆரம்பிக்கலாம் என்று நீ உட்கார்ந்தபோது நான்தான் தடுத்தேன்.

"பன்னிரண்டு அடிக்கட்டும்பா."

"சர்வருக்கு ஏது வாத்தியாரே ராகு காலம்?" என்று சிரித்தாய். ஆனாலும் காத்திருந்தாய். டீ வாங்கி வந்தாய்.

பன்னிரண்டுக்குப் பொத்தானை அழுத்தினாய். அரை நிமிடம்கூட ஆகவில்லை, சர்வர் படுத்துவிட்டது. திரை முழுக்கச் சிவப்புச் சிவப்பாக வரிகள். மாலைக்குள் பிரின்சிபலிடம் அறிக்கை தர வேண்டும் என்ற பதற்றத்தில் நான் கத்தினேன். "எந்த ஊர்லப்பா ஐநூறு பேரு ஒரே நொடியில வருவாங்க? க்ளாசுக்கே பசங்க ஒவ்வொருத்தனாதான் வரானுங்க."

"கல்யாணப் பந்தியில ஒவ்வொருத்தராவா வந்து குந்துறாங்க? கதவத் தொறந்ததும் மொத்தக் கூட்டமும் உள்ள பூந்துக்கினு வருது."

உதாரணம் சொல்வது என் தொழில். உன் உதாரணம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதுவே எனக்குக் கோபத்தைக் கூட்டியது. தோற்ற சோதனையின் எண்களோடு நீ அச்சடித்து வைத்திருந்த தாளை இழுத்தேன். 'எல்லோரும் ஒரே நொடியில்' என்ற வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்து, 'பத்து நிமிடத்தில், படிப்படியாக' என்று மேலே எழுதினேன். வகுப்பு முழுக்கத் தோற்றால் கேள்வித்தாளை எளிதாக்கும் வாத்தியாரை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! அன்று நான் செய்தது அதைத்தான்.

நான் சொன்னபடியே மறுபடி ஓட்டினாய். சர்வர் தாங்கியது. புது அறிக்கையில் லேப் பொறுப்பாளர் என்று நீ கையெழுத்துப் போட்டாய். தோற்ற தாளை மடித்து என் பையில் செருகினாய். "இருக்கட்டும் வாத்தியாரே. என்னிக்காவது யாராவது கேப்பாங்க."

அடுத்த வெள்ளி பதினோரு மணிக்கு, பிரின்சிபல் குறித்த நேரத்தில், முடிவுகள் வெளியாயின. ஒரு மணி நேரம் அங்கொருவர் இங்கொருவராகத்தான் வந்தார்கள். "பார்த்தீங்களா சார், சர்வருக்கு வேர்க்கக்கூட இல்ல" என்று பிரின்சிபலிடம் பெருமையடித்தேன். பன்னிரண்டு அடித்தது. ஊரே வந்தது. சோதனையைத் தொடங்கவே ராகு காலம் பார்த்தவன் நான். பிள்ளையின் முடிவுக்கு இந்த ஊர் பார்க்காதா என்று ஒரு கணம்கூட யோசிக்கவில்லையே! சன்னதித் தெரு பிரவுசிங் சென்டரிலிருந்து போன் வந்தது. "சார், சுத்திக்கினே இருக்குது சார். இங்க பொண்ணுங்க அழுவுதுங்க." மாலை வரை சர்வர் எழுந்திருக்கவில்லை.

பிரின்சிபல் நம் இருவரையும் கூப்பிட்டார். அறிக்கையை மேசையில் போட்டு, "யார் டெஸ்ட் பண்ணது?" என்றார். என் பை என் மடியில் இருந்தது. தாள் பைக்குள் இருந்தது. கோபம் தணியட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீ ஒரு முறை என் பக்கம் திரும்பினாய். பிறகு, "நான்தான் சார்" என்றாய்.

மறுநாள் பிரின்சிபல் ஊரில் இல்லை. திங்கட்கிழமை உன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

நீ வாலாஜாபாத் ரைஸ் மில்லில் கம்ப்யூட்டர் பார்க்கப் போனாய். ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து என் வீட்டுக்கு வந்தாய். எத்தனை முறை ஆரம்பித்தேன்! "அன்னிக்கு அந்த ரூம்ல..." என்று வாயெடுத்தாலே, "அட விடு வாத்தியாரே, சர்வருக்கே மறந்துபோச்சு" என்று கதவைச் சாத்திவிடுவாய். என் கோபமே அதுதான். ஒரு நாள் என்னை வாய் வலிக்கத் திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். மன்னிப்புக் கேட்கும் இடத்தைக்கூட நீ எனக்குத் தரவில்லை. போன தையில் கண்ணையும் மூடிவிட்டாய். இனி யாரிடம் போய்ச் சொல்வது?

போனில் வட்டம் நின்றது. "பாஸ் மாமா!" என்று அவள் துள்ளிக்கொண்டு ஓடினாள். நான் உள்ளே போய், பழைய பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். லேப் பிரிண்டரின் ரிப்பன் மை வெளிறிவிட்டது. நீ அச்சடித்த எண்களை இப்போது படிக்க முடியவில்லை. என் சிவப்புக் கோடும், அதன் மேல் எழுதிய மூன்று சொற்களும் மட்டும் நேற்று எழுதியதுபோல இருக்கின்றன.