பின்னால் மாட்டிய புது டயர்

7 நவம்பர் 1985, வியாழன்

பேரையூர் பக்கம் பிரசவ வலியில் கிடந்த செல்வியை என் காரிலேயே ஏற்றி மதுரைக்குக் கிளம்பினேன். ஊரைத் தாண்டுமுன் கரிசல் சேற்றில் கார் நின்றுவிட்டது. இந்தப் புது மாதிரிச் சின்னக் காரை முன்சக்கரங்கள்தான் இழுக்கின்றன. மெக்கானிக் பழைய கார்களின் பழக்கத்தில் இரண்டு புது டயர்களையும் பின்னால் மாட்டியிருந்தார். முன்னால் இருந்த வழுக்கை டயர்கள் நின்ற இடத்திலேயே சுற்றின.

"டாக்டரம்மா, இன்னும் எம்புட்டு நேரம் தாங்குவா?" என்றார் அவள் கணவர் முத்து.

"ஜாக்கியை எடுங்க. புது டயரை முன்னாடி மாத்திருவோம்."

மழையில் நனைந்துகொண்டே மாற்றினோம். செல்வி பின்சீட்டில் முனகிக்கொண்டே இருந்தாள். கார் சேற்றிலிருந்து ஏறிவிட்டது.

திருமங்கலத்துக்கு முன் ஒரு வளைவில் பிரேக்கைத் தொட்டதும் காரின் பின்பக்கம் வழுக்கி வீசியது. எதிரே லாரி. பிரேக்கை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினேன். ஒரு முழம் இடைவெளியில் லாரி கடந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். "நீங்கதான் காப்பாத்துனீங்க" என்று முத்து கும்பிட்டு அழுதார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வழுக்கை டயர் பின்னால் போனால் ஈரச்சாலையில் கார் இப்படித்தான் வீசும் என்று எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் வளைவு வரும்வரை வேகத்தைக் குறைக்கவில்லை.