தம்பிக்குக் கிடைத்த கைதட்டல்

தம்பெரே
நவம்பர் 6

என் முரட்டு அக்கா ஹெல்காவுக்கு,

போனில் பேச ஆரம்பித்தாலே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நீயும் ஏவியும் நலந்தானே? குவோப்பியோவில் ஏரி உறைய ஆரம்பித்துவிட்டதா?

பேப்பர் பார்த்திருப்பாய். ஆண்களைக் காதலிக்கிறவன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எங்கள் அணியில் ஆடப்போகும் முதல் ஆள் நான்தான். பயிற்சியாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகம் தெரியாதவர்கள் பூ அனுப்புகிறார்கள். யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் இல்லாமல் இப்போதுதான் தூங்குகிறேன்.

அடுத்த வார ஆட்டத்தை எனக்காகவே நடத்துகிறார்கள். எல்லோரும் ஐஸ் ஹாக்கி மட்டையில் வானவில் டேப் சுற்றிக்கொண்டு ஆடுவார்கள். ஆட்டத்துக்கு முன்னால் நான் குடும்பத்தோடு பனித்தளத்தின் நடுவில் நிற்க வேண்டுமாம். அம்மா வருகிறாள். அதற்கென்றே ஒரு வானவில் ஸ்கார்ஃப் பின்னிக்கொண்டிருக்கிறாள். நீயும் வா அக்கா. நாட்டுக்காக ஆடியவள் பக்கத்தில் நின்றால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

உன் தம்பி,
தானெலி


குவோப்பியோ
நவம்பர் 9

தானெலி,

நலம். ஏரி இன்னும் உறையவில்லை. உன் கடிதத்தை ஏவி வாசித்துவிட்டு அழுதாள், சந்தோஷத்தில். அவள் நல்லவள். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

நான் வரமாட்டேன்.

அம்மா கொடுத்த பேட்டியைப் படித்தேன். "என் பிள்ளை யாரை நேசிச்சா என்ன, அவன் என் பிள்ளை. அப்படித்தான் நான் வளர்த்திருக்கேன்" என்று சொல்லியிருக்கிறாள். பேப்பரை மடித்து அடுப்பில் போட்டேன். நான் ஏவியைப் பற்றிச் சொன்ன அன்று அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சரி. அப்பா காதுல போட வேணாம்" என்றாள். அவ்வளவுதான். அப்பா போய்ச் சேர்ந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன. அம்மாவின் அக்கம்பக்கத்தாருக்கு ஏவி இன்னும் 'ஹெல்காகூட வீட்டு வாடகையைப் பகிர்ந்துக்கற பொண்ணு'. அவளுக்கு இன்றுவரை ஒரு கையுறைகூடப் பின்னித் தந்ததில்லை. உனக்கோ இரண்டே வாரத்தில் ஸ்கார்ஃப்!

நாட்டுக்காக ஆடிய நாட்களிலும் காலையில் தபால் ஆபீஸில் தபால் பிரித்துவிட்டு மாலையில் பயிற்சிக்குப் போனவள் நான். எங்கள் அணியில் பாதிப் பேருக்குத் துணை பெண்தான். எல்லோருக்கும் தெரியும். யாரும் பூ அனுப்பவில்லை, யாரும் பேட்டி எடுக்கவில்லை. பெண்கள் ஹாக்கி ஆடினால் அப்படித்தான் இருப்பார்கள் என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். நீ 'முதல் ஆள்' என்கிறாய். நம் வீட்டிலேயே நீ இரண்டாவது.

பொறாமையா என்று கேட்காதே. பொறாமைதான்.

நன்றாக ஆடு.

ஹெல்கா


தம்பெரே
நவம்பர் 17

அக்கா,

ஆட்டம் முடிந்தது. ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம்.

அம்மாவும் நானும் நடுவில் நின்றோம். அரங்கமே எழுந்து கைதட்டியது. அம்மா ஸ்கார்ஃபை உயர்த்திக் காட்டினாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. இதையெல்லாம் டிவியில் பார்த்திருப்பாய். டிவியில் வராததைச் சொல்கிறேன். ஆட்டம் முடிந்து நான் குளிக்கப் போனதும் அங்கே நின்ற இருவர் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே போனார்கள். மட்டையில் டேப் சுற்றிக்கொண்டு, முதலில் கைதட்டியவர்களும் அவர்கள்தான். கேப்டன் யார்க்கோ மட்டும் பக்கத்துக் குழாயைத் திறந்து, "தண்ணி ஏன்டா இப்படிச் சில்லுனு வருது" என்று புலம்பிக்கொண்டே குளித்தான். அதற்காக அவனை ஆயுளுக்கும் மறக்கமாட்டேன்.

உன் கடிதம் சுட்டது. சுடட்டும். ஆனால் நீ மட்டும்தான் வயிறெரிகிறாய் என்று நினைக்காதே. ராஸ்முஸ் என்று ஒருவன் இருந்தான். உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. மூன்று ஆட்டப் பருவம் என்னோடு இருந்தான். கடைக்குக்கூட நாங்கள் சேர்ந்து போனதில்லை. "ஒளிஞ்சு ஒளிஞ்சு எனக்கு முதுகே கூனிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் பேப்பரில் வந்ததும் வாழ்த்து அனுப்பினான், அவனுடைய புதுத் துணையின் பெயரையும் சேர்த்து எழுதி. அன்றைக்கு நான் உன்னைத்தான் நினைத்தேன். யார் கைதட்டினாலும் தட்டாவிட்டாலும் பயிற்சி முடிந்து நீ வீட்டுக்குப் போனால் அங்கே சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஏவி கதவைத் திறந்தாள். எனக்குப் பூங்கொத்துகள் இருக்கின்றன. அவற்றை வைக்கப் போதிய ஜாடிகூட வீட்டில் இல்லை.

இன்னொன்று. நீ திட்டுவாய். அம்மாவை ரயிலேற்ற ஸ்டேஷனுக்குப் போனபோது, "அக்கா ஏன் வரல?" என்று கேட்டாள். வேலை இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அம்மா, ஏவி யாரு?" என்று கேட்டேன். அம்மா பைக்குள் டிக்கெட்டைத் தேடினாள். "பேப்பர்காரங்ககிட்ட சொன்னது உண்மைன்னா, முதல்ல அதை அக்காகிட்ட சொல்லு" என்றேன். அம்மா ஸ்கார்ஃபைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறினாள். ஜன்னல் வழியாகக் கையசைக்கவில்லை.

நான் கெடுத்துவிட்டேனா?

தானெலி


குவோப்பியோ
நவம்பர் 26

என் தானெலிக்கு,

ராஸ்முஸைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். என் தம்பிக்கு ஒரு துணை இருந்து, அவன் பிரிந்தும் போயிருக்கிறான். எனக்குத் தெரியவில்லை. உன் பூங்கொத்துகளை எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு வேறு என்ன தெரியும்?

அம்மா சனிக்கிழமை இங்கே வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் ஈசல்மி வீட்டிலிருந்து பஸ் பிடித்து, கையில் ஏலக்காய் ரொட்டியோடு. நாங்கள் சௌனா அறையில் நீராவிக் குளியலுக்குச் சூடேற்றிக்கொண்டிருந்தோம். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்கிற ஜாதியா அவள்? காபி குடித்தாள், ஜன்னல் திரை அழுக்கு என்றாள். பிறகு எழுந்து, "ஏவி, நீ வா. முதல் சூடு நமக்கு" என்றாள். என்னைப் பார்த்து, "நீ விறகு கொண்டா."

நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். இதுவரை ஏவியோடு ஒரு தடவையும் சௌனாவுக்கு வராத அம்மா அவளோடு உள்ளே இருந்தாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, பிறகு இருவர் பேச்சும். சின்ன வயதில் நான் உன் ஸ்கேட்டை ஏரியில் எறிந்த கதையைச் சொல்லி அம்மா சிரித்தாள்.

தம்பி, உன்னிடம் மறைக்கமாட்டேன். சந்தோஷத்தோடு வயிறும் எரிந்தது. நான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன், அவள் வரவில்லை. நீ ஸ்டேஷனில் ஒரு கேள்வி கேட்டாய், பஸ் ஏறி வந்துவிட்டாள். இதிலும் நீதான் ஜெயித்தாய். இந்த எரிச்சல் எனக்குப் போகும் என்று தோன்றவில்லை. ஆனாலும் நீ கேட்டது நல்லது. ஜனவரி ஆட்டத்துக்கு நானும் ஏவியும் வருகிறோம். பனித்தளத்தின் நடுவில் எல்லாம் நிற்கமாட்டேன். மேலே உட்கார்ந்து நீ கோலைத் தவறவிடும்போது திட்டுவேன். உன் வீட்டுக்கு ஒரு ஜாடியும் கொண்டுவருகிறேன்.

விறகை வைத்துவிட்டு நானும் உள்ளே போனேன். நீராவிக்குள் ஒன்றும் தெரியவில்லை. பழக்கத்தில் அம்மா பக்கம் போய் உட்காரப் பார்த்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்துத் தள்ளினாள்.

"இங்க என்ன? போய் உன் ஆளு பக்கத்துல உட்காரு."

போய் உட்கார்ந்தேன்.

அன்புடன்,
ஹெல்காவும் ஏவியும்