பூட்டின வீட்டுக்குள் இருந்த பை

வண்ணார்பேட்டை,
ஐப்பசி 18.

என் மகள் பிருந்தாவுக்கு அம்மா எழுதுவது. ஈசன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தி சுகிர்தாவும் நல்லா இருக்கணும்னுதான் விளக்கேத்தும்போது தினமும் கேக்குதேன், ஆனா சுகிர்தா நல்லா இல்லைன்னு தெரிஞ்சுகிட்டே இதை எழுத கை கூசுது. இங்கே மழை விட்டபாடில்லை, ஆத்தில கலங்கல் தண்ணி போகுது, அப்பாவுக்கு முழங்கால் வலி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தன் போர்டு மாட்டி, ஸ்டெம் செல் ஊசி போட்டா தேஞ்ச மூட்டு முளைக்கும், வாய் பேசாத பிள்ளை பேசும்னு சொல்லுதானாம். எதிர்வீட்டு சுடலைக்கண்ணு அண்ணாச்சி மூணு ஊசி போட்டுக்கிட்டு இப்ப கம்பு ஊனி நடக்காரு. கேட்டா, முளைக்க நாளாகும்லா, தென்னம்பிள்ளையே காய்க்க அஞ்சு வருசம் எடுக்குதேங்காரு. அப்பாவை அந்தப் பக்கமே போக விடல.

போன வாரம் நீ பேசும்போது நான் பாதியிலே போனை வச்சிட்டேன்னு கோவப்படாதே. பத்துக் கரு உண்டாக்கி, சுகிர்தாவுக்குப் பொருந்துத கருவை மட்டும் வயித்தில வைப்பாங்க, அந்தப் பிள்ளை பிறந்ததும் கொப்பூழ்கொடி ரத்தத்தை எடுத்து இவளுக்கு ஏத்துவாங்க, இவளுக்கு ரத்தம் தானா ஊறும்னு சொன்னே. மத்த கருவை என்ன செய்வாங்கன்னு கேட்டதுக்கு, அதெல்லாம் இப்ப சாதாரணம்மான்னே. எனக்குச் சாதாரணமா இல்லட்டி. இருபத்தெட்டு வருசமா உங்கிட்ட சொல்லாத ஒண்ணு இருக்கு, போன்ல சொன்னா நீ அழுவே, நான் கத்துவேன், அதான் அஞ்சாங்கிளாஸ் எழுத்தில எழுதுதேன்.

உன் அண்ணன் குமரகுருபரன் காய்ச்சல்ல போனான்னுதான் உனக்குத் தெரியும். அவனுக்கும் இதே நோய்தான், மூணு வாரத்துக்கு ஒருக்க ரத்தம் ஏத்தணும், குத்திக் குத்தி கையில இடமில்லை. மெட்ராஸ் டாக்டர் சொன்னாரு, இன்னொண்ணு பெத்துக்கிடுங்க, நாலுல ஒரு பங்குதான் பொருந்தும், பொருந்தினா கொடி ரத்தத்தில இவன் பொழைப்பான்னு. அதுக்காகத்தான் உன்னை உண்டானேன். ரத்தம் பிடிச்சு வைக்க ஒரு பையும் கொடுத்துவிட்டாரு. அதை வீட்டுக்குக் கொண்டாந்த அன்னைக்கே உன் அத்தை பார்வதி குதிச்சா. பிறக்காத பிள்ளைக்கு ஒரு துணி கூட முன்னால வாங்கி வைக்க மாட்டோம், நீ ரத்தம் பிடிக்கப் பை வச்சிருக்கியே, இதெல்லாம் வீட்டுக்கு ஆகுமான்னா. அந்தப் பை பக்கத்து வீட்டு இன்பமணி டீச்சர் பீரோவுக்குப் போயிட்டு. குறிச்ச நாளுக்கு நீ பன்னிரண்டு நாள் முந்திட்டே. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா பை எங்கன்னு கேக்காங்க, அப்பா ஓடுதாக, டீச்சர் வீடு பூட்டிக் கிடக்கு, ஏரல் ஊர்ல ஏதோ கல்யாணமாம். சாவி வந்து சேர சாயங்காலம் ஆயிட்டு. கொடியில ரத்தம் உறைஞ்சு போச்சு, அத்தை அதைப் புதுச்சட்டியில வச்சு முறைப்படி புதைச்சுட்டு வந்தா.

உனக்கு ரெண்டு வயசானா எலும்புக்குள்ள இருந்து மஜ்ஜை எடுத்து அவனுக்கு ஏத்தலாம்னாங்க. குமரன் அதுவரை நிக்கல, ஏழாம் மாசம் உனக்குப் பல்லு முளைக்கும்போது போயிட்டான். உன் தொட்டிலைப் பிடிச்சுக்கிட்டு, பாப்பா எப்பம்மா எனக்குத் தருவான்னு கேப்பான். இன்னைக்கும் அந்தத் தொட்டில் கிடந்த ரூமைப் பெருக்கும்போது எம்பின்னால நின்னு கேக்கான், நான் திரும்பிப் பாக்க மாட்டேன். நீ பொருந்தினியா இல்லையான்னு கூடத் தெரியாது.

நீ பிறந்ததுல இருந்து உன் அத்தை கூட நான் பேசவே இல்லை. அவ மகள் கல்யாணத்துக்குப் போகல, அவ செத்தப்பவும் வாசலோட வந்துட்டேன். இப்ப உள்ளதைச் சொல்லுதேன் கேளு. அவ வையத்தான் செஞ்சா, பையைத் தொடல. எம் மனசிலும் அந்தப் பயம் இருந்துது. நானேதான் மதில் மேலே எக்கி டீச்சர் கையில கொடுத்தேன். பழியை அவ தலையில போட்டேன், அவளும் ஒருநாளும் மறுத்துப் பேசல.

இதையும் எழுதிடுதேன். நீ பிறந்ததும் நர்சு, பொம்பளப் பிள்ளைன்னு உன்னைத் தூக்கிக் காட்டினா. நான் உன்னைப் பாக்கல, தட்டுல கிடந்த கொடியைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நாப்பது நாள் உனக்குப் பால் கொடுத்தேன், முகம் பாத்துக் கொடுக்கல. பத்து வயசில நீ ஏதோ தப்புச் செஞ்சதுக்கு, நீ வந்ததுல யாருக்கு என்ன பிரயோசனம்னு கேட்டுட்டேன். நீ நாலு நாள் சாப்பிடாம, நான் என்னம்மா செஞ்சேன்னு கேட்டுக்கிட்டே இருந்தே. நீ ஒண்ணும் செய்யலட்டி.

பெத்துக்கிடாதேன்னு சொல்ல எனக்கு வாயில்லை, சுகிர்தா பொழைக்கணும். ஆனா வாரது ஒரு பிள்ளை, மருந்து இல்ல. ரத்தம் சேர்ந்தாலும் சேராட்டாலும், நீ இதுக்காகத்தான் வந்தேன்னு அது காதுல ஒரு நாளும் விழக் கூடாது.

நெல்லையப்பரும் காந்திமதியும் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும், நீடூழி நல்லா இரு. சத்து மாத்திரையை விட்டுடாதே, வெறும் வயித்தில ஓடாதே. நாள் குறிச்சதும் எனக்கு டிக்கெட் போடு, அந்த ஊர்க் குளிரைப் பத்தி எனக்குக் கதை சொல்லாதே. அன்னைக்கு டாக்டர் முதக்கொண்டு எல்லாரும் கொடியைத்தான் பாத்துக்கிட்டு நிப்பாங்க. பிள்ளை முகத்தைப் பாக்க ஒரு ஆள் வேணும்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்த அம்மா
கோமதி