திமிங்கிலங்கள் பேசாத கோடை

டிரோம்சோ, 9 ஜூன் 1997

அன்புள்ள எய்விந்த்,

மூன்று ஞாயிறுகளாகத் தொலைபேசியில் "ம்" மட்டும்தான் சொல்கிறாய். வேலை நிரந்தரமாகிறது, ஜூலை பதினைந்துக்குள் பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றேன். "இங்கயும் மழைதான்" என்றாய்.

நான் தீவுக்குத் திரும்ப வேண்டுமா, நீ இங்கே வருகிறாயா, இரண்டும் வேண்டாமா? கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது. ஒரு வரி எழுதலாம்.

காலுறை அனுப்பியிருக்கிறேன். இடது சற்றுப் பெரிதாகிவிட்டது.

ராக்னா

*

அண்டோயா, 17 ஜூன்

அன்பு ராக்னா,

காலுறை கதகதப்பாக இருக்கிறது. தொலைபேசி வேண்டாம். கம்பியில் ஏதோ கோளாறு. உன் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது.

நேற்றுப் படகில் திமிங்கிலம் பார்க்க வந்தவர்கள் இருபத்தெட்டுப் பேர். தீவைச் சுற்றிப் பஃபின் பறவைகள், பாறைமேல் நான்கு கடல்நாய்கள். கடலடிப் பள்ளத்தின் விளிம்பில் எஞ்சினை நிறுத்தி, மைக்கை நீரில் இறக்கிக் காது வைத்தேன். எப்போதும் வேட்டையின்போது அவை எழுப்பும் அந்தச் சின்னச் சொடுக்குகள் கேட்குமே, அடுப்பில் உப்புப் பொரிவதுபோல். இல்லை. பெரிய ஆண் திமிங்கிலம் ஒன்று மட்டும் ஏழு விநாடிக்கு ஒரு முறை, கதவைச் சாத்துவதுபோல். இந்தக் கோடை முழுவதும் இப்படித்தான்.

மூக்கெல்லாம் சிவந்த ஒரு டச்சுக்காரி, மேல்தளத்தில் பயணிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹெர்திஸிடம், "திமிங்கிலம் காட்றேன்னு கூட்டிட்டு வந்து உங்க கேப்டன் பாட்டுக் கேக்குறாரா?" என்றாளாம். நம் ஹெர்திஸ் சும்மா இருப்பாளா. "அவரு கேக்குறது பாட்டுன்னா நாங்க எப்பவோ பணக்காரங்க ஆயிருப்போம்."

கடைசியில் ஒன்று எங்கள் முதுகுக்குப் பின்னால் எழுந்தது. நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திமிங்கிலங்கள் ஏன் பேசுவதை நிறுத்தின? இரை மாறிவிட்டதா? ஆலாப் பறவைகளும் இந்த வருடம் அடக்கம். தலைக்கு மேல் பாய்கின்றன, திட்டுவதில்லை. ஒலியைப் படித்தவள் நீ. நேற்று பதிவு செய்த நாடாவை இதனுடன் வைத்திருக்கிறேன். கேட்டுச் சொல்.

உன் கேள்வியை மறக்கவில்லை.

எய்விந்த்

*

டிரோம்சோ, 24 ஜூன்

எய்விந்த்,

திமிங்கிலத்துக்கு ஒன்றரைப் பக்கம், எனக்கு ஒரு வரி. அந்தக் கோபத்தோடுதான் நாடாவைப் போட்டேன்.

மூன்று திமிங்கிலங்கள். மூன்றும் வேட்டையில். நான் எண்ணிய ஒரு நிமிடத்தில் இருநூறுக்கு மேல் சொடுக்குகள். நம்பாமல் இன்னொரு கருவியில் போட்டேன். அதே இருநூறு.

நாடா முடிவதற்குள் மைக்கைக் கழற்றியிருக்கிறாய். பதிவுப் பெட்டி தன் சொந்த மைக்கில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு கேட்பது படகு.

"எய்விந்த், வலது பக்கம் ஒண்ணு மூச்சு விடுது." இது ஹெர்திஸ். பதில் இல்லை. "எய்விந்த்." பதில் இல்லை. "யோவ் கேப்டன், காதுல கஞ்சியா ஊத்தி வச்சிருக்க?" எல்லோரும் சிரிக்கிறார்கள். நீயும் சிரிக்கிறாய், கொஞ்சம் தாமதமாக. இத்தனைக்கும் நடுவே ஆலாக்கள் வீல் வீல் என்று கத்துகின்றன.

காது மங்கும்போது உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் போகும். என் குரலும் உயர்ந்தது.

நீ என்னை விட்டுவிட்டாய் என்று வசந்தம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை மட்டும் எழுது: உனக்கே தெரியாதா? தெரிந்தும் சொல்லவில்லையா?

ராக்னா

*

அண்டோயா, 2 ஜூலை

ராக்னா,

பாதி தெரியும்.

மார்ச்சில் கெட்டில் கரிந்தது. விசில் போய்விட்டது என்று அதைத் தூக்கி எறிந்தேன். புதிதும் விசில் அடிக்கவில்லை. கடைக்காரரைத் திட்டினேன். தொலைபேசியில் நீ ஏதோ கேட்பாய். மறுபடி சொல் என்று இரண்டு தடவை கேட்கலாம். மூன்றாவது தடவை மழையைப் பற்றிச் சொல்லிவிடுவேன். காது கேளாதவன் எப்படி இந்தப் படகை ஓட்டுவது என்று யோசிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாது. திமிங்கிலங்கள் மாறிவிட்டன என்பது எளிதாக இருந்தது. அதை நம்பியும் விட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று ஹெர்திஸை உட்காரவைத்து, நாடாவின் இன்னொரு பிரதியைப் போட்டேன். ஒவ்வொரு சொடுக்குக்கும் மேசையைத் தட்டச் சொன்னேன். அவள் விரல் நிற்கவே இல்லை. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது ஏழு விநாடிக்கு ஒரு முறை, ஒரு கதவு.

படகுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். "படகை நான் பாத்துக்கிறேன். நீ போய்ப் பொண்டாட்டியப் பாரு. நல்லாக் கத்திக் கத்திப் பேசுங்க, எனக்கு இங்க வரைக்கும் கேக்கட்டும்" என்றாள். முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

பல்கலைக்கழகத்துக்குச் சரி என்று எழுதிவிடு. பன்னிரண்டாம் தேதிக் கப்பலில் வருகிறேன்.

துறையில் கூட்டமாக இருக்கும். பின்னாலிருந்து கூப்பிடாதே. முன்னால் வந்து நில்.

எய்விந்த்